ஆர்வம் முதலில் வருவதில்லை

இன்டர் ரிசல்ட் வந்துவிட்டால் போதும், சித்தூரிலும் திருப்பதியிலும் வீட்டுக்கு வீடு அந்தக் கேள்வி கிளம்பிவிடும்: "உனக்கு எதிலப்பா ஆர்வம்?" எல்லைக்கு இந்தப் பக்கம் வேலூரிலும் திருத்தணியிலும் பிளஸ் டூ முடித்த பிள்ளையிடம் கேட்பதும் இதையேதான். பதினேழு வயதுப் பிள்ளைக்குப் பதில் தெரியாது. தெரியாததைக் குறையாக நினைத்து அது கூசிப்போகிறது. கல்லூரி ஆண்டு விழாவுக்கு வருகிற சிறப்பு விருந்தினர்கள் இந்தக் கூச்சத்தை இன்னும் கொஞ்சம் வளர்த்துவிட்டுப் போகிறார்கள். முதலில் உனக்குள் இருக்கும் ஆர்வத்தைக் கண்டுபிடி, அதற்காக ராப்பகலாக உழை, நல்ல குரு தானாக வந்து சேர்வார், ஜெயித்த பிறகு நாலு பேருக்கு நல்லது செய் என்பார்கள். நாலும் வேண்டியவைதான், ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வரிசை தலைகீழாக இருக்கிறது என்பது என் எண்ணம். முதலில் வருவது யாரோ ஒருவருடைய நல்ல மனசு. அது கதவைத் திறந்த பிறகுதான் கற்றுக்கொடுக்க ஆள் கிடைக்கிறார். அவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் உழைப்பு வீணாகாமல் ஒரு வழியில் போகிறது. ஆர்வம் என்று நாம் கொண்டாடுவது, அந்த உழைப்பு ஓரளவு கைகூடிய பிறகு, பெரும்பாலும் கடைசியில் வந்து சேர்கிற ஒன்று. இதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டாம், பழைய சித்தூர் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

திருப்பதியில் பள்ளிக்கூடம் போன ஒரு பையனிடமிருந்து தொடங்கலாம். 1888ல் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன், 1896 முதல் 1900 வரை திருப்பதியில் லூதரன் மிஷன் நடத்திய பள்ளியில் படித்தார். அங்கிருந்து வேலூர் ஊரிசு கல்லூரி, பிறகு சென்னை கிறித்தவக் கல்லூரி. (திருத்தணி பின்னால் சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்து, 1960ல் எல்லை திருத்தப்பட்டபோதுதான் நம் பக்கம் வந்தது என்பது பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும்.) அப்பாவுக்கு ஜமீனில் சின்ன உத்தியோகம். படிப்பு முழுக்க ஸ்காலர்ஷிப்பில் ஓடியது. கல்லூரியில் எந்தப் பாடத்தை எடுப்பது என்று அவர் முடிவெடுக்க முடியாமல் நின்றபோது, அதே கல்லூரியில் படித்து முடித்திருந்த உறவுக்காரர் ஒருவர் தன் பாடநூல்களைத் தூக்கிக் கொடுத்தார். ஸ்டவுட்டின் உளவியல், வெல்ட்டனின் தர்க்கம், மெக்கன்ஸியின் அறவியல். மூன்றும் தத்துவப் படிப்புக்கு உரியவை, மூன்றுக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. ராதாகிருஷ்ணன் தத்துவம் எடுத்தார். பின்னாளில் ஆக்ஸ்போர்டில் பேராசிரியராகப் போய், இந்தியத் தத்துவத்தை மேற்குக்கு எடுத்துச் சொன்னவர் என்று உலகம் அறிந்த மனிதர் அந்தத் துறைக்குள் நுழைந்தது பழைய புத்தகங்கள் இலவசமாகக் கிடைத்ததால்.

அப்படியானால் அவருக்கு ஆர்வமே இல்லையா? நிறைய இருந்தது, ஆனால் அது பிறந்த இடம் வகுப்பறை. கிறித்தவக் கல்லூரியின் மிஷனரி ஆசிரியர்கள் இந்து சமயத்தை விமர்சித்துப் பேசியது அவரைத் தொந்தரவு செய்தது என்று அவரே எழுதியிருக்கிறார். தன் வீட்டில் கும்பிட்டதற்கு அறிவின் பக்கத்திலிருந்து என்ன நியாயம் சொல்ல முடியும் என்று தேடக் கிளம்பியது அதன் பிறகு. அந்தத் தேடலின் முதல் பலன் 1908ல் எழுதிய எம்.ஏ. ஆய்வேடு, வேதாந்தத்தின் அறவியலைப் பற்றியது. மிஷனரி ஆசிரியருக்குப் பதில் சொல்வதுபோல் எழுதப்பட்ட அந்த ஏட்டை ஏ.ஜி. ஹாக் என்ற மிஷனரி ஆசிரியரே பாராட்டினார். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தன் கருத்துக்கு எதிராகப் போன மாணவனின் ஆய்வை, அதன் தரத்தைப் பார்த்து மெச்சுவதற்கு ஒரு மனசு வேண்டும். அந்த இருபது வயதுப் பையனுக்குத் தன் கையால் எதையாவது செய்ய முடியும் என்ற தைரியத்தைத் தந்ததில் அந்தப் பாராட்டுக்கும் பங்கு உண்டு. புத்தகம் கொடுத்த உறவுக்காரர், பாராட்டிய ஆசிரியர், நடுவில் பல வருஷப் படிப்பு, அதற்குள்ளிருந்து முளைத்த ஆர்வம். நான் சொல்லும் வரிசை இதுதான்.

ஒரு பெரிய மனிதரை வைத்துப் பொதுவிதி எழுதலாமா என்று கேட்கலாம். எந்தப் பாடம் எடுத்திருந்தாலும் அவர் பிரகாசித்திருப்பார் என்றும் சொல்லலாம். நியாயமான கேள்வி, ஆனால் அந்த இரண்டாவது வாக்கியம் என் கட்சிக்குத்தான் பலம் சேர்க்கிறது. எந்தப் பாடம் எடுத்திருந்தாலும் என்றால், முன்கூட்டியே ஒரு பாடத்தின் மேல் இருந்த காதல் அவரை உயர்த்தவில்லை என்றாகிறது. ஒற்றை ஆள் சாட்சி போதாது என்பவர்களுக்கு, அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் 1985ல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. பியானோ கலைஞர்கள், சிற்பிகள், நீச்சல் வீரர்கள், டென்னிஸ் வீரர்கள், கணித அறிஞர்கள், நரம்பியல் ஆய்வாளர்கள் என்று தத்தம் துறையில் உச்சிக்குப் போன 120 பேரை எடுத்துக்கொண்டு, அவர்களுடைய சின்ன வயதை அவர் குழு விசாரித்தது. பிறக்கும்போதே தெரிந்த மேதைகளாக இருப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போனால், பெரும்பாலோர் அப்படி இல்லை. முதல் ஆசிரியர்கள் பெரிய வித்வான்களும் இல்லை. அக்கம்பக்கத்தில் கிடைத்த, அன்பாகப் பேசுகிற, பிள்ளைகளுக்குப் பிடித்த சாதாரண ஆசிரியர்கள். கண்டிப்பும் நுணுக்கமும் உள்ள ஆசிரியர் அடுத்த கட்டத்தில் வந்தார். இதுதான் என் வாழ்க்கை என்ற தீர்மானம் அதற்கும் பிறகு. புங்கனூரையோ திருப்பதியையோ கேள்விப்படாத ஓர் ஆய்வு அதே வரிசையைச் சொல்கிறது.

புங்கனூரைக் காரணத்தோடுதான் இழுத்தேன். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை 1898ல் அங்கே, ஓர் இசைக் குடும்பத்தில் பிறந்தார். அவரை உருவாக்கியது காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை. இந்த நாயனாப் பிள்ளையின் கதையே ஆர்வத்தைப் பற்றிய நம் நம்பிக்கையைச் சோதிக்கும். பெரிய பாடகி தனகோடி அம்மாளின் குடும்பத்தில் 1889ல் பிறந்த அந்தப் பையன், சின்ன வயதில் பாட்டின் பக்கமே திரும்பாமல் குஸ்தி, பட்டம் என்று திரிந்தான் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். வாலிபத்தில்தான் பாட்டுக்கு வந்தார். வந்த பிறகு தாளத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்ற பெயர். மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், டோலக், கொன்னக்கோல் என்று பக்கவாத்தியங்களைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு பல்லவி பாடும் அவருடைய 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி அந்தக் காலத்தில் பெரிய பேச்சு. 1934ல், நாற்பத்தைந்து வயதில் போய்விட்டார். அவர் பாடிக் கேட்க இன்று நமக்கு ஓர் இசைத்தட்டு கூடக் கிடையாது.

பிறகு எப்படி அவர் பெயர் இன்னும் நிற்கிறது? சிஷ்யர்களால். தன்னைவிட ஒன்பது வயதே இளையவரான சுப்பிரமணிய பிள்ளையை அவர் வீட்டோடு வைத்துக்கொண்டு, மேடையில் தனக்குப் பின்னால் உட்காரவைத்துப் பழக்கினார். வீணை தனம்மாளின் பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் அவரிடம் கற்றார்கள். சுப்பிரமணிய பிள்ளைக்கு மியூசிக் அகாடமி 1954ல் சங்கீத கலாநிதி பட்டம் கொடுத்தது, பிருந்தாவுக்கு 1976ல். சித்தூராரிடம் குருகுலவாசம் செய்தவர் மதுரை சோமு. 'தெய்வம்' படத்தில் மருதமலை முருகன் மேல் அவர் பாடியதைக் கேட்காத தமிழ்க் காது குறைவு. காஞ்சிபுரத்தில் ஒரு மனிதர் செலவழித்த நேரம், சித்தூர் வழியாக, கோடம்பாக்கத்தின் ஒரு சினிமாப் பாட்டு வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஒலிப்பதிவே இல்லாத ஒருவருடைய வெற்றியை இதைத் தவிர வேறு எந்த அளவுகோலால் அளப்பது?

குருகுலம் என்றதும் வெற்றிலைச் செல்லம் எடுத்துக் கொடுப்பதும் கால் பிடிப்பதும்தான் பலருக்கு ஞாபகம் வருகிறது. உண்மையில் அங்கே வேலை நடந்த இடம் மேடையில் குருவின் முதுகுக்குப் பின்னால். சிஷ்யன் தம்பூராவை மீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். குரு ஒரு சங்கதியைப் பாடி மூச்சு வாங்கும் இடத்தில் இவன் குரல் அதே சுருதியில் இடைவெளியை நிரப்ப வேண்டும், குரு திரும்ப எடுத்தவுடன் அடங்க வேண்டும். எந்த இடத்தில் நிறுத்துவார் என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார். பல்லவியை மூன்று காலத்திலும் பாடும்போது கைத்தட்டு ஒரு நூலிழை முன்னால் விழுந்தால் சபையில் யாருக்கும் தெரியாது, குருவுக்குத் தெரியும், பின்னால் இருப்பவனுக்கும் தெரியும். தப்பு நடந்த அந்தக் கணத்திலேயே தப்பென்று தெரிவது, தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து தெரியவைப்பது, மறுநாள் விடியற்காலையில் அதையே திரும்பப் பாடவைப்பது. இந்த மூன்றும் இல்லாத சாதகம் தப்பைத்தான் கெட்டிப்படுத்தும்.

ஆகவே உழைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பத்தாயிரம் மணி நேரம் உழைத்தால் யாரும் எதிலும் வித்தகர் ஆகலாம் என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் சுற்றுகிறது. இதன் மூலம் ஆண்டர்ஸ் எரிக்சன் 1993ல் பெர்லின் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களை வைத்து எழுதிய கட்டுரை. அதைப் பிரபலமாக்கியது மால்கம் கிளாட்வெல்லின் 2008ஆம் ஆண்டுப் புத்தகம். எரிக்சனுக்கே அந்தப் பிரபலத்தில் வருத்தம். மணிக்கணக்கு மட்டும் போதாது, பயிற்சியை வகுத்துக் கொடுத்துக் குறையை உடனுக்குடன் சொல்கிற ஆசிரியர் வேண்டும் என்பதுதான் தான் சொன்னது என்று அவர் திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருந்தது. ஆந்திரத்தில் இன்டர் பிள்ளைகளை விடுதியில் அடைத்து, விடியற்காலையில் எழுப்பி, இரவு வரை படிக்கவைக்கும் கல்லூரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். உழைப்பு என்ற ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து அதையே முழு வாழ்க்கையாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அவை கண்முன் இருக்கும் சோதனைச்சாலை. ரேங்க் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் வாரத்தேர்வு மதிப்பெண்ணைத் தவிர வேறு எதையும் வைத்து அந்தப் பிள்ளையைத் தெரிந்துவைத்திருக்கும் ஒரு பெரியவர் அங்கே எத்தனை பேருக்கு வாய்க்கிறார்? வாய்க்காதவர்கள், ரேங்க் வந்த பிறகும்கூட, படித்த பாடத்தைத் திரும்பிப் பார்க்க விரும்பாதவர்களாக வெளியே வருவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இந்த இடத்தில் பெரியவர்கள் ஒரு பழமொழியை எடுப்பார்கள். அடியாத மாடு படியாது. பழைய குருக்கள் எல்லாரும் கருணைக் கடலா, வசவும் அடியும் வாங்காமல் யார் வித்வான் ஆனார் என்பார்கள். வசவும் அடியும் இருந்தன என்பது உண்மை, எடுபிடி வேலையே பல வருஷம் வாங்கிக்கொண்டு ஒரு வர்ணம் கூடச் சொல்லிக்கொடுக்காதவர்களும் இருந்தார்கள். ஆனால் இந்த வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. அடி தாங்கி நின்று ஜெயித்தவர் தன் கதையை எழுதுகிறார், பேட்டி கொடுக்கிறார். அடி தாங்காமல் பாதியில் ஊருக்குத் திரும்பியவர் எங்கும் பதிவாகவில்லை. நின்றவர்களை மட்டும் எண்ணிவிட்டு, நிற்கவைத்தது அடிதான் என்று சொல்வது கணக்கே ஆகாது. நல்ல மனசு என்று நான் சொல்வது கொஞ்சுவதையும் அல்ல. ஒருவன் பாடுவதை உட்கார்ந்து கேட்க நேரம் கொடுப்பது, தன் வீட்டில் சோறும் இடமும் தருவது, தன் மேடையில் பின்னாலாவது ஓர் ஓரம் ஒதுக்குவது, தப்பை மறைக்காமல் சொல்வது. இவ்வளவையும் கடுகடுத்த முகத்தோடும் செய்யலாம். இவ்வளவும் இருந்து வசவும் இருந்தால் சிஷ்யன் வசவைப் பொறுத்துக்கொள்கிறான். இதை எடுத்துவிட்டு வசவை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன மிஞ்சும் என்பதற்கு மகாபாரதத்தில் ஏகலைவன் இருக்கிறான். நேரம் கொடுக்காத குரு கட்டைவிரலை மட்டும் கேட்டார்.

அடுத்த எதிர்வாதம் இன்னும் கனமானது, அதுவும் சித்தூர் பெயரையே தாங்கி வருகிறது. சித்தூர் வி. நாகய்யா. குண்டூர்ப் பக்கம் ரேபல்லேயில் 1904ல் பிறந்தவர், சித்தூர் ராம விலாச சபா நாடகங்களில் நடித்துப் பெயர் வாங்கியதால் அந்த ஊர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 'பக்த போத்தனா', தானே இயக்கி நடித்த 'தியாகய்யா', 'யோகி வேமனா' என்று 1940களில் தெலுங்குத் திரையில் அவருக்கு நிகர் இல்லை. தமிழர்களுக்கு 'அசோக் குமார்' படத்திலும், எம்.எஸ். சுப்புலட்சுமியின் 'மீரா' படத்தில் ராணாவாகவும், பிறகு 'பாவ மன்னிப்பு' படத்தில் சிவாஜியை எடுத்து வளர்க்கும் பெரியவராகவும் தெரிந்த முகம். கேட்டவருக்கு இல்லையென்று சொல்லத் தெரியாதவர், அவர் வீட்டில் எப்போதும் பந்தி நடந்துகொண்டே இருக்கும் என்று அவருடன் வேலை செய்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கடைசிக் காலத்தில் கையில் காசு இல்லை. சின்னச் சின்ன வேடங்களில் நடித்துக் காலம் தள்ளி, 1973 டிசம்பரில் இறந்தார். பார்த்தாயா, நல்ல மனசு ஆளைக் கவிழ்த்துவிட்டது என்று இன்றும் சினிமாக்காரர்கள் புதிதாக வருகிறவர்களுக்குப் பாடமாகச் சொல்கிற பெயர் இது.

இதை நான் லேசாகத் தள்ள மாட்டேன். நல்லவர்களுக்கு நல்லதே நடக்கும் என்று ஆறுதல் சொல்வது பொய், நாகய்யா அதற்குச் சாட்சி. ஆனால் என் வாதம் கொடுத்தவருக்குப் பலன் கிடைக்கும் என்பது இல்லை. பெற்றவருக்கு வழி திறக்கும் என்பதுதான். இரண்டும் வேறு. நல்ல மனசை வெற்றிக்கான முதலீடாக விற்கிறவர்களிடம் நாகய்யாவைக் காட்டி மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும். கொடுத்தது திரும்பி வரும் என்ற கணக்கில் கொடுப்பவர், வராதபோது நிறுத்திவிடுவார். இன்னொன்றும் இருக்கிறது. பந்தி போட்டு எல்லாருக்கும் கொடுப்பதற்கும், ஒரு சிஷ்யனைப் பல வருஷம் பின்னால் உட்காரவைப்பதற்கும் வித்தியாசம் உண்டு. காசு கொடுத்தால் அன்றைய பசி தீரும், அது சின்ன விஷயமில்லை. வித்தையைக் கொடுத்தால் கொடுத்தவர் கையில் குறையாது. நாகய்யா இரண்டாவதைச் செய்யவில்லை என்று சொல்ல நான் யார்? சினிமா என்ற தொழில் அப்படிக் கொடுக்க ஓர் அமைப்பை வைத்திருக்கவில்லை, முதியவரைத் தாங்கவும் ஓர் அமைப்பை வைத்திருக்கவில்லை என்று மட்டும் சொல்லலாம். சென்னை பனகல் பூங்காவில் அவருக்குச் சிலை இருக்கிறது.

என் வாதத்தின் உண்மையான பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. எல்லாம் யாரோ ஒருவருடைய மனசில்தான் தொடங்குகிறது என்றால், அந்த யாரோ கிடைக்காதவர் கதி என்ன? நாயனாப் பிள்ளையின் வீட்டுக்குள் நுழைய இசைக் குடும்பத்தில் பிறந்திருப்பது உதவியது. ராதாகிருஷ்ணனுக்குப் புத்தகம் கொடுக்க, கல்லூரி முடித்த உறவுக்காரர் ஒருவர் இருந்தார். 1900களில் எத்தனை சாதிகளில் அப்படி ஓர் உறவுக்காரர் இருந்திருக்க முடியும்? குரு நல்லவராக இருப்பார் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. ராதாகிருஷ்ணன் பிறந்த செப்டம்பர் 5ஐ ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். அதே ராதாகிருஷ்ணன் கல்கத்தாவில் பேராசிரியராக இருந்தபோது, ஜதுநாத் சின்ஹா என்ற இளம் ஆய்வாளர், தன் ஆய்வேட்டின் பகுதிகள் அவருடைய புத்தகத்தில் வந்திருக்கின்றன என்று 1929ல் வழக்குப் போட்டார். ராதாகிருஷ்ணன் மறுத்து எதிர்வழக்குப் போட்டார். 1933ல் சமரசமாக முடிந்தது, நீதிமன்றம் யார் பக்கமும் தீர்ப்புச் சொல்லவில்லை. நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் கற்பவரின் வேலையும் எதிர்காலமும் ஒரே பெரியவரின் கையில் இருக்கும்போது என்னென்ன சந்தேகங்களுக்கு இடம் உண்டு என்பதை ஆசிரியர் தின மேடைகளில் மறந்துவிடக் கூடாது.

அதனால்தான் தனிமனித மனசை ஏற்பாடாக மாற்றுவது அவசியமாகிறது, இதில் திருப்பதிக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு வரலாறு உண்டு. திருமலை உண்டியலில் விழும் காசு யாருடையது? தமிழ்நாட்டிலிருந்து நடந்து வருகிற குடியானவருடையது, மொட்டையடித்துக்கொண்ட கூலிக்காரருடையது, பேர் தெரியாத லட்சக்கணக்கானவர்களுடையது. அதிலிருந்து தேவஸ்தானம் 1945ல் வெங்கடேஸ்வரா கலைக் கல்லூரியைத் தொடங்கியது. பிறகு பெண்களுக்குப் பத்மாவதி கல்லூரி, இசை நடனக் கல்லூரி, காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி, ஆதரவற்ற பிள்ளைகளுக்கு விடுதி. 1954ல் வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும் வந்தது. ராயலசீமைக் கிராமங்களிலிருந்து குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறிய எத்தனையோ பேருக்கு, புத்தகம் கொடுத்த அந்த உறவுக்காரரின் இடத்தில் முகம் தெரியாத பக்தர்கள் நின்றிருக்கிறார்கள். இங்கே யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்க வேண்டியதில்லை, மார்க் ஷீட்டைக் காட்டினால் போதும். ஏற்பாட்டின் பெருமை அது. அதன் குறையும் அங்கேயேதான் இருக்கிறது. ஏற்பாடு கட்டணத்தைத் தரும், கட்டடத்தைத் தரும், சம்பளம் வாங்கும் ஆசிரியரைத் தரும். முதுகுக்குப் பின்னால் உட்காரவைத்துத் தப்பைக் கண்டுபிடிக்கிற அந்த நேரத்தை அதனால் உத்தரவு போட்டு வரவழைக்க முடியாது. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையே பின்னாளில் இசைக் கல்லூரிகளில் ஆசிரியராக இருந்தார். மணி அடித்தால் முடிந்துவிடும் வகுப்பும் வீட்டோடு இருந்த வாசமும் ஒன்றாக இருந்திருக்காது.

அந்த நேரத்தை ஏற்பாட்டுக்குள்ளேயே உண்டாக்க முடியுமா என்று யோசித்தவர்கள் இதே மாவட்டத்தில், மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் இருந்தார்கள். (2022ல் மாவட்டங்களைப் பிரித்தபோது மதனப்பள்ளி சித்தூரை விட்டுப் போய்விட்டது, திருப்பதியும் தனி மாவட்டமாகிவிட்டது. நான் பேசுவது அதற்கு முந்தைய காலம்.) மதனப்பள்ளியில் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய ரிஷிவேலி பள்ளி பெரும்பாலும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கானது. ஆனால் அதைச் சுற்றி இருந்த குக்கிராமங்களில் 1980களின் கடைசியிலிருந்து பத்மநாப ராவும் ரமாவும் சின்னச் சின்னப் பள்ளிகளை நடத்திப் பார்த்தார்கள். ஒரே ஆசிரியர், ஒரே அறை, அஞ்சு வயதிலிருந்து பத்து வயது வரை எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக. பாடப்புத்தகத்தை அட்டைகளாகப் பிரித்தார்கள். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு சின்னம் இருக்கும், சுவரில் மாட்டிய கற்றல் ஏணியில் அதே சின்னம். பிள்ளை தான் எந்தப் படியில் நிற்கிறது என்று தானே பார்த்து, தட்டிலிருந்து அதற்குரிய அட்டையை எடுத்துக்கொண்டு உரிய குழுவில் போய் உட்காரும். ஒரு குழு தானே செய்துகொள்ளும், ஒரு குழுவில் பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தரும், ஒரு குழுவில் மட்டும் ஆசிரியர் தரையில் கூட உட்கார்ந்திருப்பார். ஒரு வாரம் அம்மாவோடு களைபறிக்கப் போன பிள்ளை திரும்பி வந்தால் விட்ட படியிலிருந்து தொடரும். ஃபெயில் கிடையாது, வகுப்பில் கடைசி என்று யாரும் கிடையாது. முழு வகுப்புக்கும் கரும்பலகை முன் நின்று கத்துவதிலிருந்து ஆசிரியரை விடுவித்து, அவருடைய நேரத்தை அப்போது தேவைப்படுகிற சில பிள்ளைகளுக்குக் கொடுக்கிற ஏற்பாடு இது. ஆர்வம் இருக்கிறதா என்று எந்தப் பிள்ளையிடமும் அங்கே முதலில் கேட்கவில்லை. பயத்தை எடுத்தார்கள், பக்கத்தில் ஆளை வைத்தார்கள், கையில் வேலையைக் கொடுத்தார்கள்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது பழகிய காட்சியாகத் தோன்றினால் காரணம் உண்டு. சென்னை மாநகராட்சி ஆணையராக எம்.பி. விஜயகுமார் இருந்தபோது ஆசிரியர்களை ரிஷிவேலிக்கு அனுப்பிப் பார்த்துவரச் செய்து, 2003ல் பதின்மூன்று மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் இதைத் தொடங்கினார். 2007-08ல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. அட்டைகளை அச்சடித்து லாரியில் அனுப்ப முடிந்தது, தாழ்வான கரும்பலகைகளை எல்லாச் சுவரிலும் பூச முடிந்தது. முதல் பதின்மூன்று பள்ளிகளின் ஆசிரியர்கள் நேரில் போய், உட்கார்ந்து, பிள்ளைகளோடு செய்துபார்த்துக் கற்றிருந்தார்கள். பின்னால் வந்தவர்களில் பலருக்கு ஒரு சில நாள் பயிற்சி, கையில் ஒரு கையேடு, மேலிருந்து வந்த சுற்றறிக்கை. அட்டையைப் பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது என்று அவர்களுக்கு யாரும் பக்கத்தில் இருந்து சொல்லித்தரவில்லை.